ஆர்தர் கதை பிடிக்கும், சரி. லத்தீன் படிப்பாளா?

பிளஸ் டூ முடிக்கப்போகும் மகள் ஆங்கிலோ-சாக்சன் கால பிரிட்டனைத்தான் படிப்பேன் என்று அடம்பிடிக்கிறாள், அது சோறு போடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போடும். ஆனால் மிகச் சில இலைகளே விரித்த பந்தி இது.

"என்ன வேலைக்குப் போவாய்?" என்று அவளை இப்போதே குடையாதீர்கள். "லத்தீன் படிப்பாயா?" என்று கேளுங்கள். ரோமானியர் விலகிய காலம் தொடங்கி 1066 வரையிலான அந்த நாட்டு வரலாறு பெரும்பாலும் லத்தீனிலும் பழைய ஆங்கிலத்திலும்தான் கிடைக்கிறது. பழைய ஆங்கிலத்தில் பெயர்ச்சொற்கள் வேற்றுமை ஏற்கும். தமிழ்ப் பிள்ளைக்கு அதில் பயமில்லை. இடறுவது பால்தான். பெண்ணைக் குறிக்கும் 'வீஃப்' என்ற சொல்லுக்கு இலக்கணத்தில் ஆண்பாலும் இல்லை, பெண்பாலும் இல்லை, மூன்றாவது பால். அதே பொருளுள்ள 'வீஃப்மன்' ஆண்பால்! பழைய ஆங்கிலத்துக்கான போஸ்வர்த்-டோலர் அகராதி இணையத்தில் இலவசம். ஆறு மாதம், தினமும் முக்கால் மணி நேரம் உட்காரட்டும். பாதியில் விட்டுவிட்டால் அவளுக்குப் பிடித்தது கதை மட்டும்தான் என்று தெரிந்துவிடும், செலவும் மிச்சம்.

இந்தத் துறையின் அன்றாட வேலை எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு வரி போதும். ஆங்கிலோ-சாக்சன் ஆண்டுக்குறிப்பில் 883-ஆம் ஆண்டுப் பதிவில், ஆல்ஃபிரட் அரசர் புனித தோமாவுக்கும் பர்த்தலமேயுவுக்கும் காணிக்கை அனுப்பியதாக வருகிறது. அனுப்பிய இடம் சில பிரதிகளில் 'இந்தியா', சிலவற்றில் 'யூதேயா'. அக்காலக் கையெழுத்தில் ஆங்கில 'என்', 'யு' இரண்டுமே இரண்டு குட்டைச் செங்கோடுகள்தான். எழுதியவர் கண் தவறினால் நாடே மாறிவிடும். தோமாவை மயிலாப்பூரோடு சேர்த்தே நினைக்கும் நமக்கு 'இந்தியா' என்ற பிரதிதான் இனிக்கும். அதனாலேயே அதைச் சரி என்று சொல்லிவிட முடியாது. இதே ஆண்டுக்குறிப்பின் மிகப் பழைய பிரதி கேம்பிரிட்ஜின் பார்க்கர் நூலகத்தில் இருக்கிறது. அதன் படங்களை வீட்டிலிருந்தே பார்க்கலாம்.

விண்ணப்பக் கட்டுரையில் பிள்ளைகள் வழக்கமாகச் சறுக்குவது, அக்கால பிரிட்டனின் அரசர் என்று கதைகள் சொல்லும் ஆர்தரிடம். ஆறாம் நூற்றாண்டில் எழுதிய கில்டாஸ் என்ற துறவி அவர் பெயரைச் சொல்லவே இல்லை. 731-இல் திருச்சபை வரலாற்றை முடித்த பீட் என்ற துறவியும் சொல்லவில்லை. ஒன்பதாம் நூற்றாண்டின் லத்தீன் வரலாறு ஒன்றில்தான் பன்னிரண்டு போர்களின் தலைவராக வருகிறார். அவருடைய வீரர்கள் உட்காரும் வட்டமேசை 1155 வாக்கில் பிரெஞ்சில் நுழைந்தது. இது தெரியாமல் "வட்டமேசை வீரர்களின் காலத்தை ஆராய விரும்புகிறேன்" என்று தொடங்கினால் தேர்வுக்குழு அடுத்த விண்ணப்பத்துக்குப் போய்விடும்.

மொழி ஒத்துவராது, ஆனால் வேதியியல் பிடிக்கும் என்றால் இன்னொரு கதவு இருக்கிறது: தொல்பொருள்களைச் சுத்தம் செய்து காக்கும் வேலை. 2009-இல் இங்கிலாந்தில் ஒரு வயலில் கிடைத்த, ஆங்கிலோ-சாக்சன் காலத்து ஸ்டாஃபர்ட்ஷயர் புதையலில் தங்கம் மட்டும் 4 கிலோ அளவு, எல்லாம் சிறு சிறு துண்டுகள். உலோக ஊசி தங்கத்தைக் கீறும் என்பதால் செடி முள்ளால் மண்ணை அகற்றினார்கள். பதித்திருந்த செந்நிறக் கார்னெட் கற்களைச் சோதித்ததில் சில இந்தியத் துணைக்கண்டத்திலிருந்து போனவை என்று தெரிந்தது. டர்ஹம் பல்கலைக்கழகத்தில் இதற்கு முதுகலை உண்டு. இந்த வழிக்குப் பிளஸ் டூ-வில் வேதியியல் எடுத்திருந்தால் நல்லது.

பணத்துக்கு வருவோம். இளங்கலைக்கே பிரிட்டனுக்கு அனுப்ப வேண்டாம் என்பது என் கருத்து. இங்கே வரலாறோ ஆங்கிலமோ மூன்றாண்டு படித்து, கூடவே லத்தீனும் படித்து, முதுகலைக்கு கேம்பிரிட்ஜ், யார்க், லீட்ஸ் என்று போகட்டும். ஆங்கிலம் எடுத்தால் பின்னால் 'நெட்' என்ற ஆசிரியர் தகுதித் தேர்வு எழுதி இங்கேயே கல்லூரி ஆசிரியர் ஆகும் வழியும் திறந்திருக்கும். ஓராண்டு வெளிநாட்டு முதுகலைக்கு, அது இந்தியப் பட்டத்துக்கு இணை என்ற சான்று வாங்க மறக்கக் கூடாது. உதவித்தொகையில் செவனிங்குக்கு இரண்டாண்டு வேலை அனுபவம் வேண்டும், படித்த கையோடு கிடைக்காது. காமன்வெல்த், ஃபெலிக்ஸ் இரண்டையும் பாருங்கள். பல இடங்களில் உதவித்தொகைக்கான கடைசி நாள் டிசம்பர், ஜனவரியிலேயே முடிந்துவிடும், படிப்புக்கான தேதி அதற்குப் பிறகும் திறந்திருக்கும். அந்தத் தேதியை நம்பி ஏப்ரலில் விண்ணப்பித்தால் இடம் கிடைக்கும், பணம் கிடைக்காது.

மாணவர் விசாவுக்குக் காட்டும் தொகை தொடர்ந்து 28 நாள் கணக்கில் கிடக்க வேண்டும். நடுவில் ஒரு நாள் கொஞ்சம் குறைந்தாலும் மறுப்பார்கள். நகை அடகு வைத்தோ உறவினரிடம் கைமாற்று வாங்கியோ போடுவதாக இருந்தால், சித்தப்பா அவசரத்துக்குத் திருப்பிக் கேட்கமாட்டார் என்று உறுதி செய்துகொண்டு போடுங்கள்.