திபெத்திய மருந்தை அம்மா சாப்பிடலாமா?

கேள்வி: கர்நாடகத்தில் உள்ள பைலகுப்பேக்குச் சுற்றுலா போனபோது, அம்மாவின் (58 வயது) மூட்டு வலிக்காக ஒரு திபெத்திய மருத்துவரிடம் காட்டினோம். நாடி பார்த்துவிட்டு உருண்டை மருந்து கொடுத்தார். அம்மா சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை எடுக்கிறார். இது என்ன மருத்துவம்? நம்பிச் சாப்பிடலாமா?

பதில்: உங்கள் அம்மா பார்த்தது சோவா ரிக்பா என்னும் பழைய மருத்துவ முறை. 2010-ல் சட்டத் திருத்தம் மூலம் மத்திய அரசும் இதை அங்கீகரித்திருக்கிறது. இதன் மூல நூல் க்யூஷி. நான்கு பகுதிகள், 156 அத்தியாயங்கள். 12-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த திபெத்திய மருத்துவர் யூதோக் யோந்தன் கோன்போ இதற்கு இன்றைய வடிவம் கொடுத்தவர் என்பார்கள். அதற்கு முன்பே, 11-ஆம் நூற்றாண்டில், வாக்படரின் ஆயுர்வேத நூலான அஷ்டாங்க ஹிருதயம் திபெத்திய மொழிக்குப் போய்விட்டது. அதனால் ஆயுர்வேதத்தின் சாயல் இதில் அதிகம். சீன நாடி சாஸ்திரமும் சேர்ந்திருக்கிறது.

லுங், திரிபா, பெகென் என்ற மூன்றும் சமநிலையில் இருந்தால் ஆரோக்கியம் என்பது இதன் அடிப்படை. நம் வாதம், பித்தம், கபம் போலத்தான். ஆனால் பௌத்தம் இங்கே ஒரு படி மேலே போகிறது. ஆசை லுங்கையும், கோபம் திரிபாவையும், அறியாமை பெகெனையும் கெடுக்கும் என்கிறது. அதனால் நோயாளியின் தூக்கம், கவலை, சாப்பாட்டு நேரம் எல்லாவற்றையும் கேட்ட பிறகுதான் மருந்து. முதலில் உணவைத் திருத்துவது, அப்புறம் பழக்கவழக்கம், அதற்கும் அடங்காவிட்டால்தான் மருந்து என்பது அவர்களுடைய வரிசை. இதை நான் மனதார மதிக்கிறேன்.

நாடியை மூன்று விரல்களால் பார்ப்பார்கள். ஆள்காட்டி விரல் தோலளவுக்கு, நடுவிரல் சதையளவுக்கு, மோதிர விரல் எலும்பு வரை அழுத்தும். காலையில் முதலில் போகும் சிறுநீரை வெள்ளைக் கிண்ணத்தில் ஊற்றி, குச்சியால் அடித்து நுரையைப் பார்ப்பதும் உண்டு. குமிழி பெரிதாக நீலம் கலந்து வந்தால் லுங், சின்னதாகச் சட்டென்று உடைந்தால் திரிபா. நம் சித்த மருத்துவர்கள் சிறுநீரில் எண்ணெய்த் துளி விட்டு நெய்க்குறி பார்ப்பது நினைவுக்கு வருகிறது.

இவ்வளவு நுட்பம் இருந்தாலும், நாடியை வைத்து ரத்தச் சர்க்கரை எவ்வளவு என்று சொல்ல முடியாது. எனவே அம்மாவின் சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளை ஒரு நாள்கூட நிறுத்தக் கூடாது. இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

உருண்டையில் என்ன இருக்கிறது என்பதுதான் அடுத்த கவலை. பெரும்பாலும் கடுக்காய் போன்ற மூலிகைகள்தான். ஆனால் மூட்டு வலிக்கான சில கலவைகளில் சுத்தி செய்த நாபி (நச்சுள்ள ஒரு வேர்) சேரும். பட்டுத்துணியில் சுற்றித் தரும் ரத்தின மாத்திரைகள் சிலவற்றில் பதப்படுத்திய பாதரசமும் உண்டு. சர்க்கரை உள்ளவரின் சிறுநீரகம் ஏற்கெனவே சிரமப்படலாம். அதன் மேல் பாதரசம் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

கொடுத்த மருத்துவரைக் கூப்பிட்டு மருந்தின் பெயரையும், அதில் நாபி, பாதரசம் உண்டா என்பதையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இரண்டும் இல்லை என்று தெரிந்தாலும், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் பரிசோதனை செய்து, உங்கள் வழக்கமான டாக்டரிடம் காட்டிய பிறகே ஆரம்பியுங்கள். அதுவரை உருண்டையை எடுத்து வையுங்கள். அம்மா ஏற்கெனவே சாப்பிட்டிருந்து, உதடு, நாக்கு மரத்துப்போவது, வாந்தி, படபடப்பு ஏதாவது இருந்தால், காத்திருக்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். மிச்ச மருந்தையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.