வீசிங்க மூளை மனப்பாடம் பண்ணுமா?

வாசகி, திண்டுக்கல்: எலிக்கு ஆஸ்துமா வர வெச்சு ஆராய்ச்சி பண்றாங்கன்னு படிச்சேன். எங்க வீட்டு பரண்ல அவ்ளோ தூசிக்குள்ள ஓடுற எலியெல்லாம் நல்லாத்தான இருக்கு, அதுக்கு எங்கருந்து இளைப்பு வருது?

தானா வராதும்மா, வரவழைக்கிறாங்க. பழைய முறை என்னன்னா முட்டை வெள்ளைக்கருல இருக்குற ஓவால்புமின்ங்கற புரதத்த ஒரு அலுமினிய உப்போட சேத்து வயித்துல ஊசி போட்டு, உடம்பு அத எதிரியா நினைக்க ஆரம்பிச்சதும் அதே புரதத்த நெபுலைசர்ல மூச்சு வழியா குடுக்குறது. முட்டைய எவன் மூச்சுல இழுக்குறான்னு யாரோ கேட்டிருப்பாங்க போல, இப்ப நிறைய லேப்ல டஸ்ட் மைட்ங்கற கண்ணுக்கு தெரியாத தூசிப்பூச்சியோட சாறத்தான் மூக்குல சொட்டு விடுறாங்க, நம்ம தலகாணிலயும் மெத்தையிலயும் இருக்கே அதே ஐட்டம். ஆனாலும் எலி எலிதான், மூக்கால மட்டும்தான் மூச்சு விடும், நம்மள மாதிரி இருமவும் வராது, அதனால இருமல பத்தி ஆராயறவங்க கினிப்பன்றி கிட்டதான் போவாங்க.

எலிய நம்பி ஏமாந்த கதையும் உண்டு. ஈஸ்னோபீலியான்னு நம்மூர்ல சொல்றோம்ல, அந்த இயோசினோபில்ங்கற வெள்ளை அணுவ வளக்குற ஐஎல்-5ங்கற புரதத்த தடுத்தா ஆஸ்துமா அடங்கிடும்னு விலங்குகள்ல பாத்துட்டு மனுஷங்களுக்கு குடுத்தாங்க, முதல்ல சப்புன்னு போச்சு. அப்புறம் இயோசினோபில் ஜாஸ்தியா இருக்குற ஆளுங்களா பாத்து குடுத்ததுக்கு அப்புறம்தான் வேலை செஞ்சது, ஐஎல்-5-ஐ தடுக்குற அந்த மெபோலிசுமாப் ஊசிக்கு அமெரிக்காவுல 2015-லதான் அனுமதி கெடச்சது.

வாசகர், மதுரை: வீங்குறது மூச்சுக்குழாய், இதுல மூளைக்கு என்ன வேலை?

நானும் ரொம்ப நாள் ஒண்ணுமில்லன்னுதான் நெனச்சிட்டிருந்தேன். நுரையீரல்லருந்து வேகஸ் நரம்பு வழியா சேதி நேரா முகுளத்துக்கு போவுது, ஸ்கூல்ல சிறுமூளைக்கு பக்கத்துல படம் வரைஞ்சோமே அதே முகுளம்தான், அங்க சாலிட்டரி நியூக்ளியஸ்னு ஒரு இடம், நுரையீரலோட தபாலெல்லாம் வந்து இறங்குற போஸ்ட் ஆபீஸ்னு வெச்சுக்கங்க. கலிபோர்னியாவுல டேவிஸ் பல்கலைக்கழகத்துல ரீசஸ் குரங்குகளுக்கு டஸ்ட் மைட்ட ரொம்ப நாள் குடுத்துட்டு இந்த இடத்து நரம்பு செல்கள எடுத்து பாத்தாங்க, 2001-ல வெளியிட்டாங்க. அதே அளவு கரண்ட் குடுத்தா சாதா குரங்கோட செல்ல விட இதுங்க செல் அதிகமா துடிக்குது. அதாவது அலர்ஜி நுரையீரலோட நிக்கல, மூளைத்தண்டுல இருக்குற செல்லோட குணத்தையே மாத்திடுச்சு.

அதுக்கும் மேல ஒண்ணு 2024-ல வந்துச்சு, அதே கலிபோர்னியாவுல சான் டியாகோ பல்கலைக்கழக ஆளுங்க செஞ்சது. எலிக்கு திரும்ப திரும்ப டஸ்ட் மைட் குடுத்தா அதே நியூக்ளியஸ்ல நார்அட்ரினலின்ங்கற நரம்பு ரசாயனம் சம்பந்தப்பட்ட ஒரு சின்ன செல் கூட்டம் முழிச்சுக்குது, அந்த கூட்டத்த அழிச்சா இல்ல அமுக்கி வெச்சா மூச்சுக்குழாய் தொட்டதுக்கெல்லாம் சுருங்குறது குறையுது, வேணும்னே தூண்டி விட்டா அதிகமாகுது! எனக்கு இதுதான் பெரிய விஷயமா படுது, ஏன்னா குரங்குல பாத்தது மாற்றம் இருக்குன்னு மட்டும், இதுல அந்த செல்லுங்கதான் சுருக்கத்துக்கு உடந்தைன்னு கையும் களவுமா பிடிச்சுட்டாங்க.

வாசகர், கோவை: மூளை மாறிக்கிட்டே இருக்கும், நியூரோபிளாஸ்டிசிட்டி, அதனால எதையும் சாதிக்கலாம்னு யூடியூப்ல சொல்றாங்களே?

சொல்றவங்க பாதி கதைய சொல்றாங்க. 1960-கள்ல கலிபோர்னியாவோட பெர்க்லி பல்கலைக்கழகத்துல வெறும் கூண்டுல தனியா கெடந்த எலியையும், பொம்மை ஏணி கூட்டாளின்னு வாழ்ந்த எலியையும் ஒப்பிட்டு, ரெண்டாவதுக்கு மூளைப்பட்டை தடிமனா இருக்குன்னு மரியன் டயமண்ட் குழு காட்டுச்சு, யூடியூப் அதோட நிப்பாட்டிடுது. மூளை மாறும், ஆனா எது திரும்ப திரும்ப வருதோ அதுக்கு ஏத்த மாதிரி மாறும், தூசியே வந்தா தூசிக்கும்தான்.

வாசகி, நாகர்கோவில்: அப்ப பிரச்சனை மூளைலன்னா பஃப்ப நிறுத்திட்டு தியானம் பண்ணலாமா? எங்க பாட்டி ஊமத்தை இலைய சுருட்டி புகை பிடிப்பாங்களாம், இளைப்பு நிக்குமாம்.

நிறுத்தாதீங்க. குழாய்ல வீக்கம் இருக்கத்தான் செய்யுது, ஸ்டீராய்டு பஃப் அதத்தான் அடக்குது. சான் டியாகோல நார்அட்ரினலின தடுக்குற மருந்த எலி மூளைக்குள்ளயே இறக்கி பாத்தாங்க, அத உங்க ஊர் க்ளினிக்ல யாரும் செய்யப்போறதில்ல. தியானம் பிடிச்சா பஃப்போட சேத்து பண்ணுங்க.

உங்க பாட்டி சங்கதி மட்டும் சாதாரணம் இல்ல. மெட்ராஸ்ல ஜேம்ஸ் ஆண்டர்சன்னு ஒரு வெள்ளைக்கார டாக்டர் இந்த புகைய ஜெனரல் ஜென்ட்டுக்கு சொல்லிக்குடுக்க, அவர் மூலமா 1802-ல அது பிரிட்டனுக்கே போச்சு. ஊமத்தைல இருக்குற அட்ரோப்பின் வகையறா, வேகஸ் நரம்பு மூச்சுக்குழாய் தசைக்கு குடுக்குற சுருங்கு-ன்ற ஆர்டர தசை வாசல்லயே மறிச்சிடும், இப்ப இன்ஹேலர்ல வர்ற ஐப்ராட்ரோப்பியம் செய்யறதும் அதே வேலைதான், அளவா, பாதுகாப்பா. இலைல அளவு கிடையாது, கொஞ்சம் கூடினா புத்தி பேதலிச்சு உயிருக்கே ஆபத்து, பறிக்க போயிடாதீங்க.