1000 கெஜம் எட்ட எத்தனை எம்.ஓ.ஏ. ரெயில்? தேர்வும் பொருத்தும் முறையும்

கேள்வி: ரெமிங்டன் 700 ஷார்ட் ஆக்‌ஷன், .308 வின்செஸ்டர் ரைபிள் வைத்திருக்கிறேன். 175 கிரெய்ன் குண்டு, முகப்பு வேகம் நொடிக்கு 2600 அடி. ஸ்கோப்பின் குழாய் 30 மி.மீ.; மேலும் கீழுமாக மொத்தம் 60 எம்.ஓ.ஏ. (ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கான கோண அளவு) திருப்பலாம். சாய்வில்லாத ரெயிலில் (ஸ்கோப்பைத் துப்பாக்கியோடு இணைக்கும் அடிப்பட்டையில்) மாட்டி 100 கெஜத்தில் ஜீரோ வைத்திருக்கிறேன், அதாவது அந்தத் தூரத்தில் குறிவைத்த இடத்திலேயே குண்டு விழும். ஏறக்குறைய 750 கெஜத்துக்கு மேல் டரெட் (ஸ்கோப்பின் உயரம் திருப்பும் குமிழ்) முட்டி நின்றுவிடுகிறது. 1000 கெஜத்தில் சுட 20, 30, 40 எம்.ஓ.ஏ. ரெயில்களில் எதை வாங்கலாம்? வீட்டிலேயே எப்படிப் பொருத்துவது?

பதில்: உங்களுக்கு 20 போதும். 40 வாங்கினால் 100 கெஜத்தில் ஜீரோவே வைக்க முடியாது. காரணத்தைக் கணக்காகவே பார்த்துவிடலாம்.

1 எம்.ஓ.ஏ. என்பது 100 கெஜத்தில் 1.047 அங்குலம், 1000 கெஜத்தில் 10.47 அங்குலம். நீங்கள் சொல்லும் குண்டும் வேகமும் கடல்மட்டக் காற்றில் 100 கெஜ ஜீரோவிலிருந்து 1000 கெஜத்துக்குப் போக 38 முதல் 40 எம்.ஓ.ஏ. வரை ஏற்றம் கேட்கும். உங்கள் ஸ்கோப்பில் நடுவிலிருந்து மேலே 30, கீழே 30 உண்டு. ஆனால் அந்த 30 முழுதாகக் கைக்கு வராது. ஸ்கோப் பேரலுக்கு ஏறக்குறைய 1.75 அங்குலம் மேலே இருக்கிறது. 100 கெஜம் போவதற்குள் குண்டு இன்னும் இரண்டரை அங்குலத்துக்கு மேல் இறங்குகிறது. இரண்டையும் ஈடுகட்டவே 4 எம்.ஓ.ஏ. போய்விடும். மிச்சம் 26. 750 கெஜத்தில் முட்டுவது அதனால்தான். ஸ்கோப்பில் குறை எதுவும் இல்லை.

சாய்வு ரெயிலில் பின்பக்கம் தடிமன், முன்பக்கம் மெலிவு. ஸ்கோப்பின் மூக்கு சற்றுத் தாழும். அதன் வழியாகக் குறிபார்க்கும்போது பேரல் அதே அளவு நிமிரும். 20 எம்.ஓ.ஏ. ரெயில் போட்டால் 100 கெஜ ஜீரோவில் மேலே 46, கீழே 14 இருக்கும். 1000 கெஜத்துக்குத் தேவையான 40 போக, குளிர்ந்த அடர்காற்றுக்கும் கொஞ்சம் கையிருப்பு. 30 போட்டால் மேலே 56, கீழே வெறும் 4. 40 போட்டால் கீழே 6 குறைகிறது. டரெட்டை அடிமட்டம்வரை இறக்கினாலும் 100 கெஜத்தில் குண்டு இலக்குக்கு மேலேதான் விழும்.

30 ஏன் கூடாது என்று கேட்பீர்கள். தாளில் சரிதான். ஆனால் தொழிற்சாலை ரிசீவர்களில் (பேரல் மாட்டியிருக்கும், ரெயில் உட்காரும் உலோக உடல்) துளைகளும் மேல்பரப்பும் பேரலுக்கு அச்சுப் பிசகாமல் இணையாக இருப்பதில்லை; நாலைந்து எம்.ஓ.ஏ. பிசகினாலே அந்த 4 காணாமல் போகும். இன்னொன்று, ஸ்கோப்பின் உள்குழல் நகரும் இடம் வட்டமானது. மேலோ கீழோ ஓரத்துக்குப் போகப்போக இடவலத் திருப்பலும் சுருங்கும். காற்றுக்கு ஈடுகட்ட வேண்டிய நேரத்தில் அது கைகொடுக்காது.

ஊகம் வேண்டாம். இப்போதைய ஜீரோவிலிருந்து டரெட்டைக் கீழ்ப்பக்கம் கடைசிவரை திருப்பி எண்ணுங்கள். 34 வந்தால் ரிசீவர் நேராக இருக்கிறது. 20 கழித்து 14 மிஞ்சும். 25 வந்தாலும் 5 மிஞ்சும், சமாளிக்கலாம். 20க்கும் கீழே வந்தால் ரெயில் வாங்குமுன் ரிசீவரைத் துப்பாக்கித் தச்சரிடம் காட்டுங்கள். டரெட் மில் என்ற இன்னொரு கோண அளவின் கணக்கில் இருந்தால் 20 எம்.ஓ.ஏ. என்பது 5.8 மில்.

ஒரே துண்டான பிக்காட்டினி ரெயிலை வாங்குங்கள். 1995 பிப்ரவரியில் வந்த அமெரிக்க ராணுவத் தரமான மில்-ஸ்டாண்டர்டு 1913இன்படி அதன் பள்ளம் 0.206 அங்குல அகலம், பள்ளத்துக்குப் பள்ளம் 0.394 அங்குலம். பழைய வீவர் வகை ரெயிலின் பள்ளம் 0.180 அங்குலம்தான். வீவர் ரிங் (ஸ்கோப்பைப் பிடிக்கும் வளையம்) பிக்காட்டினியில் உட்காரும்; பிக்காட்டினி ரிங்கின் குறுக்குக் கம்பி வீவர் பள்ளத்தில் இறங்காது. 7075-டி6 அலுமினியம் .308க்குத் தாராளம். எஃகு ரெயில் ரிசீவரோடு சேர்ந்தே வெப்பத்தில் விரியும், எடை மட்டும் கூடும். அடிப்பக்கம் ரீகாயில் லக் (சுடும்போது வரும் உதைப்பைத் தாங்கும் புடைப்பு) உள்ள ரெயில் கிடைத்தால் அதையே எடுங்கள். பெட்டியில் ஷார்ட் ஆக்‌ஷன் என்று இருக்கிறதா, திருகு 6-48ஆ 8-40ஆ (முதல் எண் பருமன், அடுத்தது அங்குலத்துக்கு எத்தனை மரை) என்று பார்த்து வாங்குங்கள். தொழிற்சாலை ரெமிங்டன் 700க்கு வழக்கமாக 6-48.

இனி பொருத்தும் வேலை. 20ஆ 30ஆ என்று மாதக்கணக்கில் யோசிப்பவர்கள்கூட இதைப் பத்து நிமிடத்தில் முடித்துவிடுகிறார்கள். ஜீரோ நகர்கிறது என்று வரும் புகார்களின் வேர் பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது.

மேகசீனைக் காலி செய்து, போல்ட்டை உருவிவிட்டு, சேம்பரை (தோட்டா உட்காரும் அறையை)க் கண்ணாலும் விரலாலும் பாருங்கள். பழைய ரெயிலைக் கழற்றி, ரிசீவர் மேல்பரப்பையும் மரைத் துளைகளையும் அசிட்டோனால் எண்ணெய் போகத் துடையுங்கள். புது ரெயிலை வைத்து முன்திருகுகள் இரண்டை மட்டும் இறுக்குங்கள். பின்பாதத்துக்கும் ரிசீவருக்கும் இடையில் 0.002 அங்குல ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழைகிறதா என்று பாருங்கள். பிறகு முன்னதைத் தளர்த்தி, பின்னதை இறுக்கி, முன்பக்கம் பாருங்கள். நுழையவில்லை என்றால் நல்லது. நுழைந்தால் நான்கு திருகையும் இறுக்கும்போது ரெயில் வளையும். வளைந்த ரெயில் ரிங்குகளை முறுக்கும், ரிங்குகள் ஸ்கோப் குழாயை முறுக்கும். 5 அங்குல நீளத்தில் 0.005 அங்குல இடைவெளி ஏறக்குறைய 3.4 எம்.ஓ.ஏ. சாய்வுக்குச் சமம்.

இடைவெளி இருந்தால் எபாக்ஸியால் படுகை போடுங்கள். ரெயிலின் பின்பாத அடிப்பகுதியை உப்புத்தாளால் சொரசொரப்பாக்குங்கள். ரிசீவர் மேல், பக்கவாட்டில், திருகு மரைகளில் மெழுகு ஷூ பாலிஷ் மெல்லியதாகத் தடவுங்கள். இதில் கஞ்சம் பிடித்தால் ரெயில் நிரந்தரமாக ஒட்டிக்கொள்ளும். எஃகுத்தூள் கலந்த எபாக்ஸியைப் பின்பாதத்தில் இட்டு, முன்திருகுகளை முழு அளவு இறுக்கி, பின்திருகுகளை வழிகாட்டியாக மட்டும் தொட்டு நிறுத்துங்கள். பின்னதையும் இறுக்கினால் வளைவையே வார்த்தெடுத்ததாகிவிடும். பிதுங்கியதை உடனே துடைத்து, 24 மணி நேரம் விடுங்கள். பிறகு கழற்றி, பாலிஷைச் சுத்தமாக எடுத்துவிடுங்கள்.

கடைசியாக இறுக்குமுன் திருகின் நீளத்தைப் பாருங்கள். முன்துளை பேரல் மரைக்கு மேலேயே இருக்கிறது. நீளத் திருகு அங்கே முட்டினால் கைக்கு இறுகியதுபோல் தோன்றும், ரெயிலோ பிடிபட்டிருக்காது. ஒவ்வொரு திருகாகப் போட்டு, போல்ட்டை ஓட்டிப் பூட்டிப் பாருங்கள். உரசினால் அந்தத் திருகை அரைச்சுற்று அளவு அராவிக் குறைக்க வேண்டும். லக் உள்ள ரெயிலை முன்னோக்கித் தள்ளிப் பிடித்து இறுக்குங்கள். சுடும்போது ரைபிள் பின்வாங்க, ரெயில் இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கும். லக் முன்பக்கச் சுவரைத் தொட்டிருந்தால்தான் அந்த விசை திருகுகள் மேல் விழாது.

மரையில் நீல லாக்டைட் (திருகு தளராமல் பிடிக்கும் பசை) ஒரு துளி. 6-48 திருகுக்கு 15 முதல் 20 அங்குல-பவுண்டு, 8-40க்கு 25 அளவில். தயாரிப்பாளர் வேறு எண் கொடுத்திருந்தால் அதுவே சரி. டார்க் ரெஞ்ச் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் கருவி) இல்லாமல் இந்த வேலையில் இறங்க வேண்டாம். 6-48 மெல்லிய திருகு, கை இறுக்கத்தில் தலை துண்டாகும்.

ரிங்குகளையும் பள்ளத்தில் முன்னோக்கித் தள்ளியே பூட்டுங்கள். அரை அங்குல நட்டு உள்ள கனமான ரிங்குக்கு 65 அங்குல-பவுண்டு வரை சொல்வார்கள். மேல்மூடித் திருகுகளுக்கு 15 முதல் 18 போதும். மேல்மூடியில் லாக்டைட் வேண்டாம். ஈரத்தில் உராய்வு குறைந்து, அதே டார்க்கில் பிடி கூடி, குழாய் நசுங்கும்.

ஸ்கோப் சாயாமல் நிற்பது இந்தத் தூரத்தில் பெரிய விஷயம். 100 கெஜத்தில் தூக்குக்குண்டு நூலைத் தொங்கவிட்டு, ரைபிளை ரசமட்டத்தில் நிறுத்தி, ரெட்டிகிளின் (ஸ்கோப்புக்குள் தெரியும் குறிக்கோடுகளின்) செங்குத்துக் கோட்டை நூலோடு ஒட்டவையுங்கள். 3 பாகை சாய்ந்திருந்தால் 39 எம்.ஓ.ஏ. ஏற்றும்போது பக்கவாட்டில் 2 எம்.ஓ.ஏ. ஓடும்; 1000 கெஜத்தில் அது 21 அங்குலம். காற்று என்று நினைத்து நாள் முழுவதும் அதோடு மல்லுக்கட்டுவீர்கள்.

ஜீரோ வைத்தபின், உயரமான அட்டையில் ரசமட்டம் பார்த்து நேர்க்கோடு போட்டு 100 கெஜத்தில் நிறுத்துங்கள். கீழ்ப்புள்ளியைக் குறிவைத்து ஐந்து குண்டு. டரெட்டை 30 எம்.ஓ.ஏ. ஏற்றி, அதே புள்ளியில் குறிவைத்து இன்னும் ஐந்து. மேல்குழு 31.4 அங்குலம் உயரத்தில், கோட்டின் மேலேயே விழ வேண்டும். கோட்டை விட்டு விலகினால் ஸ்கோப் சாய்ந்திருக்கிறது. உயரம் மாறினால் டரெட்டின் அளவே பிசகு. எத்தனை சதவீதம் என்று குறித்து, பாலிஸ்டிக் கணக்கில் சேர்த்துவிடுங்கள். ஒரே குறிக்கு இரண்டு குழுவாகப் பிரிந்து விழுந்தால் ரெயில் திருகுக்குத் திரும்பிப் போங்கள். திருகுத் தலையிலிருந்து ரெயில்வரை பெயிண்ட் பேனாவால் ஒரு கோடு இழுத்து வைத்திருந்தால், திருகு அசைந்ததா என்பது பார்த்த உடனே தெரிந்துவிடும்.