கையால் சாப்பிட்டால் என்ன? – கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

கூட்டுறவு வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். சென்ற மாதம் மகன் எங்களைச் சென்னையில் ஒரு பெரிய ஓட்டலுக்குள் இருக்கும் ஃபைன் டைனிங் உணவகத்துக்குக் கூட்டிப் போனான். நம்மூர்ச் சமையல்தான், ஆனால் ஒன்பது தட்டாக, ஒவ்வொன்றாக வந்தது. தட்டுக்கு இரண்டு வாய். ரசம் கண்ணாடிக் கோப்பையில். ஒவ்வொரு தட்டையும் வைத்துவிட்டு ஒரு பையன் நின்று விளக்கம் சொன்னான். நான் கையை நீட்டியதும் மகன் கண்ணாலேயே ஸ்பூனைக் காட்டினான். நாலு பேருக்கு பில் இருபதாயிரத்தைத் தாண்டியது. அதில் 18 சதவீத வரி, போதாததற்கு சர்வீஸ் சார்ஜ். வீட்டுக்கு வந்து தயிர் சாதம் சாப்பிட்டுவிட்டுத்தான் படுத்தேன். இது சாப்பாடா, நாடகமா? மிச்செலின் நட்சத்திரம் என்கிறார்களே, அந்தக் கடைகளும் இப்படித்தானா? மகனிடம் கேட்டால் வருத்தப்படுவான், அதனால் உங்களிடம் கேட்கிறேன்.

கே., கும்பகோணம்

*

அன்புள்ள கே.,

மகனிடம் கேட்காதது நல்லது. கேட்டிருந்தால் பில்லைப் பற்றிய சண்டையாக முடிந்திருக்கும்.

இந்த மாதிரி இடங்களைப் பற்றி எல்லோரும் முதலில் சொல்வது அளவு. ஆனால் அந்த ஒன்பது தட்டையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தால் அது சின்னச் சாப்பாடு இல்லை. நீங்கள் பசியோடு வீடு திரும்பியதற்கு வேறு காரணம் இருக்கும் என்று நினைக்கிறேன். சோறு பிசையாத சாப்பாடு நம் வயிற்றின் கணக்கில் சேராது. ஒன்பது என்ன, பதினைந்து தட்டு வந்திருந்தாலும் நீங்கள் தயிர் சாதம் தேடியிருப்பீர்கள்.

உங்களை உறுத்தியது வேறொன்று. கல்யாண இலையை யோசித்துப் பாருங்கள். பரிமாறுவதில் ஒரு வரிசை உண்டு, சரி. ஆனால் எதை எதோடு தொட்டுக்கொள்வது, சாம்பார் சாதத்தைப் பாதியில் நிறுத்துவதா, உருளைக்கிழங்கைக் கடைசி வாய்க்கு ஒதுக்கி வைப்பதா, அப்பளத்தை ரசத்தில் நொறுக்குவதா பாயசத்தில் நொறுக்குவதா, எல்லாம் உட்கார்ந்திருப்பவர் முடிவு. சமையல்காரர் பாதி வேலைதான் செய்திருக்கிறார். மீதியை நம் விரல்கள் செய்கின்றன. நீங்கள் சாப்பிட்டது போல் சமையல்காரரே தேர்ந்தெடுத்துச் சின்னச் சின்னத் தட்டுகளாக அனுப்பும் டேஸ்டிங் மெனுவில் அந்த மீதியையும் சமையல்காரரே எடுத்துக்கொண்டுவிடுகிறார். எந்த வாயில் எது எவ்வளவு, எதற்குப் பிறகு எது என்பதெல்லாம் நீங்கள் வருவதற்கு முன்பே முடிவாகிவிட்டது. அறுபது வருடமாக இலையை ஆண்டுவந்த உங்களுக்கு அது எரிச்சலாகத்தான் இருக்கும்.

இது ஏதோ ஐரோப்பியர்களின் ஆதிகாலப் பழக்கம் என்றும் நினைக்க வேண்டாம். பிரெஞ்சுப் பிரபுக்களின் விருந்திலும் ஒரு காலத்தில் ஒவ்வொரு சுற்றுக்கும் மேஜை நிறையப் பதார்த்தங்களைப் பரப்பிவிடுவார்கள். கைக்கு எட்டியதை எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். பார்க்க அழகு, எல்லாம் ஆறிப் போயிருக்கும். ஒவ்வொன்றாகச் சூடாகக் கொண்டுவந்து வைக்கும் ரஷ்ய முறை அங்கே பரவியது 19ஆம் நூற்றாண்டில்தான். அப்புறம் எஸ்கோஃபியே என்ற பிரெஞ்சுச் சமையல்காரர் வந்து சமையலறையை ராணுவம் போலப் பிரித்தார்: சாஸுக்கு ஒரு ஆள், மீனுக்கு ஒரு ஆள், இனிப்புக்கு ஒரு ஆள். நீங்கள் பார்த்த ஒன்பது தட்டும் அந்த வழியில் வந்தவைதான்.

ஆகவே நாடகமா என்றால், ஆமாம், நாடகம்தான். நான் அதைக் குறையாகச் சொல்லவில்லை. நன்றாகச் செய்தால் பார்க்கத் தகுந்த நாடகம். ஆனால் அந்த விளக்க உரைகள் எனக்கும் பிடிப்பதில்லை. மிளகு எந்த மலையில் விளைந்தது என்று தெரிந்தால் அதன் காரம் அதிகமாகப் போவதில்லை. ‘சாப்பிட்டுவிட்டுக் கேட்கிறேன் தம்பி’ என்று சொல்லிவிடலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

பணம் எங்கே போகிறது என்று கேட்பீர்கள். சாதாரண ஓட்டலில் ஒரு மேஜையில் ஒரு ராத்திரிக்குள் பல குடும்பங்கள் உட்கார்ந்து எழுந்துவிடும். இங்கே பெரும்பாலும் ஒரே குடும்பம், இரண்டு மூன்று மணி நேரம். உள்ளே சாப்பிடுகிறவர்களுக்குச் சமமாகக்கூட ஆட்கள் வேலை செய்துகொண்டிருப்பார்கள். இவ்வளவு வாங்கியும் பல இடங்களுக்குக் கட்டுப்படியாவதில்லை. டென்மார்க்கின் கோபன்ஹேகனில் நோமா என்ற உணவகம், 2003இல் தொடங்கியது, உலகின் சிறந்த உணவகம் என்று பலமுறை பெயர் வாங்கியது. அங்கே பல வருடங்கள் பயிற்சிக்கு வந்த இளைஞர்கள் சம்பளமில்லாமல் வேலை செய்தார்கள். 2022 கடைசியில்தான் அவர்களுக்குச் சம்பளம் கொடுக்க ஆரம்பித்தார்கள். சில மாதங்களில், 2023 ஜனவரியில், இந்த முறை தாக்குப்பிடிக்காது, வழக்கமான உணவகமாக இனி நடத்தப் போவதில்லை என்று உரிமையாளர் ரெனே ரெட்ஸெபி அறிவித்தார். சாப்பிடுகிறவர் கொடுக்கும் விலையைவிட இந்தக் கணக்குதான் என்னை அதிகம் உறுத்துகிறது.

பில்லைப் பற்றி: அந்த 18 சதவீதம் சட்டப்படி சரி. அறை வாடகை ஒரு இரவுக்கு 7,500 ரூபாயைத் தாண்டும் ஓட்டல்களுக்குள் இருக்கும் உணவகங்களுக்கு ஜிஎஸ்டி அவ்வளவு. வெளியே தனியாக இருக்கும் உணவகம் என்றால் 5 சதவீதம். சர்வீஸ் சார்ஜ் வரி இல்லை, கட்டாயமும் இல்லை. அதைத் தானாக பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டது. உணவக உரிமையாளர் சங்கங்கள் வழக்குப் போட்டன. 2025 மார்ச்சில் தில்லி உயர் நீதிமன்றம் ஆணையத்தின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. எடுத்துவிடுங்கள் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. பரிமாறியவருக்குக் கொடுக்க ஆசையிருந்தால் நேரே அவர் கையில் கொடுங்கள்.

மிச்செலின் விஷயம். டயர் கம்பெனிக்காரர்கள் 1900இல் கார் ஓட்டிகளுக்காகப் போட்ட கையேடு அது. ஊர் ஊராகப் போனால்தானே டயர் தேயும்! நல்ல உணவகங்களுக்கு நட்சத்திரம் கொடுக்க ஆரம்பித்தது 1926இல். இந்தியாவுக்கு அந்தக் கையேடு இதுவரை வந்ததில்லை, ஆகவே நீங்கள் போன இடத்துக்கு அந்த நட்சத்திரம் இருக்க வழியில்லை. ஓட்டலின் ஐந்து நட்சத்திரம் வேறு கணக்கு. மிச்செலின்காரர்கள் நட்சத்திரத்துக்குத் தட்டில் இருப்பதை மட்டும் பார்ப்பதாகச் சொல்கிறார்கள், மேஜை விரிப்பை அல்ல. 2016இல் சிங்கப்பூரில் இரண்டு சாதாரணக் கடைகளுக்குக் கொடுத்தார்கள். ஒன்றில் சோயா சாஸ் கோழிச் சோறு, இன்னொன்றில் பன்றி இறைச்சி நூடுல்ஸ்.

நம் ஆள் ஒருவர் கதையும் இருக்கிறது. திண்டுக்கல் பக்கம் நத்தம் என்ற ஊரில் பிறந்த விஜய் குமார் நியூயார்க்கில் செம்மா என்ற உணவகத்தின் தலைமைச் சமையல்காரர். 2021இல் திறந்தார்கள், மறு வருடமே மிச்செலின் நட்சத்திரம். 2025இல் அமெரிக்கச் சமையல்காரர்களுக்குப் பெரிய கௌரவமான ஜேம்ஸ் பியர்ட் விருதை வாங்க வேட்டி கட்டிக்கொண்டு மேடை ஏறினார். அங்கே பேர் போன பதார்த்தம் நத்தைப் பிரட்டல். சின்ன வயதில் வயலில் பொறுக்கி வந்து வீட்டில் சமைத்துச் சாப்பிட்ட நத்தை. நம் ஊர்களில் நத்தை சாப்பிடுகிற குடும்பங்கள் அதைப் பள்ளிக்கூடத்தில் சொல்லக் கூசுவார்கள். அவர் அதை ஒளிக்காமல் மெனுவில் போட்டார். எனக்கு ரசத்தைக் கோப்பையில் ஊற்றுவதைவிட இது பெரிய காரியமாகத் தெரிகிறது.

கடைசியாக, கை. உங்கள் கடிதத்தை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். பரிமாறியவர்கள் யாரும் உங்களைத் தடுக்கவில்லை, முகம் சுளிக்கவும் இல்லை. தடுத்தது உங்கள் மகன். நல்ல உணவகத்தில் விருந்தாளி கையால் சாப்பிட்டால் விரல் கழுவ வெந்நீர்க் கிண்ணம் கொண்டுவந்து வைப்பார்கள், அவ்வளவுதான். உங்கள் பையனுக்கு அந்த இடத்தில் பயம். எந்தக் கரண்டியை எப்போது எடுப்பது என்று அலுவலக விருந்துகளில் பக்கத்து மேஜையைப் பார்த்துப் பார்த்துக் கற்றிருப்பான். அந்தக் கண்ஜாடையை உங்களைப் பற்றிய வெட்கமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அப்பாவை யாரும் ஒரு மாதிரி பார்த்துவிடக் கூடாதே என்ற பதற்றமாகத்தான் எனக்குத் தோன்றுகிறது.

மறுபடி கூப்பிட்டால் போய் வாருங்கள். இந்தப் பதிலை அவனுக்குக் காட்ட வேண்டாம். சர்வீஸ் சார்ஜ் பத்தியை மட்டும் அனுப்பி வையுங்கள்.