பஸ்ஸில் தொல்லை: படிப்பை நிறுத்துவதா?

கேள்வி: பாம்பன் பக்கம் பாசி எடுத்துப் பிழைக்கிறவள் நான். கல்யாணம் ஆன நாள் முதல் கடலில் முங்குகிறேன். மகளுக்கு 19 வயது, ராமநாதபுரத்தில் கல்லூரியில் படிக்கிறாள். பஸ்ஸில் ஒருவன் சில மாதமாக அவளை உரசுகிறான், இறங்கினால் பின்னாலேயே வருகிறான். எப்படியோ நம்பரை வாங்கி ராத்திரியில் மெசேஜும் போடுகிறான். போன வாரம்தான் என்னிடம் சொன்னாள். ‘அப்பவே ஏண்டி கத்தல?’ என்று கை நீட்டிவிட்டேன். அவன் எங்களுக்கு முன்பணம் கொடுத்திருக்கிற வியாபாரியின் தங்கை மகன். படித்தது போதும் என்கிறார் வீட்டுக்காரர். அவனை விடமாட்டேன் என்று நிற்கிறான் மகன். ஊர்ப் பெரியவர்களை வைத்துப் பேசி முடிக்கலாம் என்றும் சொல்கிறார்கள். மகளைக் கராத்தேயில் சேர்க்கலாமா? ஊக்கால் குத்தினால் அவள் மேல் கேஸ் வருமா? (பெயர் வேண்டாம்)

பதில்: சகோதரி, கராத்தே, கேஸ் எல்லாம் அப்புறம். முதலில் மகள் பக்கத்தில் போய் உட்காருங்கள். ‘உன் மேல தப்பு இல்ல, அடிச்சது என் தப்பு’ என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். எதிர்பாராத நேரத்தில் ஒருவன் கை வைத்தால் பலருக்கு உடம்பு மரத்துப்போகும், குரல் எழாது. தைரியசாலிகளுக்கும் இது நடக்கும். கத்தாததால் அவள் சம்மதித்ததாக ஆகிவிடாது.

இத்தனை மாதம் ஏன் சொல்லவில்லை என்றால், சொன்னால் வீட்டில் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். அப்பா படிப்பை நிறுத்துவார், அண்ணன் அரிவாளைத் தேடுவான், அம்மாவின் கடன் நடுவில் வந்து நிற்கும். அவள் பயந்தது ஒன்று விடாமல் ஒரே வாரத்தில் நடந்திருக்கிறது, பாருங்கள்.

படிப்பை நிறுத்தினால் தண்டனை அவளுக்குத்தான். அவன் அதே பஸ்ஸில் போவான், அந்த சீட்டில் வேறு வீட்டுப் பெண் உட்காருவாள். உங்கள் வீட்டுக்காரரிடம் இதை மட்டும் கேளுங்கள்: கடலுக்குப் போனவரின் வலையை ஒருவன் அறுத்துவிட்டால், அவர் கடலுக்குப் போவதையா நிறுத்துவார்?

இனி பஸ். பாம்பன் பாலத்தில் ஏறிவிட்டால் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நிறுத்தம் கிடையாது. கூட்டத்தில் நகரவும் முடியாது, நடுவில் இறங்கவும் முடியாது. உங்கள் மகளும் மற்ற பெண்களும் தெரிந்துகொள்ள வேண்டிய சட்டம் ஒன்று இருக்கிறது. தமிழ்நாடு பெண்கள் வன்கொடுமைத் தடைச் சட்டம், 1998-ல் வந்தது. பஸ்ஸில் ஒரு பெண் புகார் சொன்னால், வண்டியைப் பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய்த் தகவல் கொடுக்க வேண்டியது டிரைவர், கண்டக்டரின் கடமை என்று அதில் இருக்கிறது. ‘அட்ஜஸ்ட் பண்ணும்மா, நேரமாகுது’ என்று கண்டக்டர் சொன்னால், இந்தச் சட்டத்தைச் சொல்லி ‘வண்டியை ஸ்டேஷனுக்கு விடுங்க’ என்று உரக்கக் கேட்கலாம். இந்த ஒரு வாக்கியத்தை வீட்டில் சத்தமாகச் சொல்லிப் பழகட்டும். சிரிப்பு வரும், பரவாயில்லை. பழகாத குரல் தேவைப்படும்போது வராது.

சத்தம் போடும்போது ‘ச்சீ, தள்ளுங்க’ என்பது போதாது. அங்கே என்ன நடக்கிறது என்று பக்கத்தில் நிற்பவருக்குப் புரியாது. ‘நீலச் சட்டை, என் இடுப்புல இருந்து கையை எடு’ என்று ஆளையும் செயலையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அப்போது பஸ்ஸே அவனைத் திரும்பிப் பார்க்கும்.

ஊக்கு விஷயம். தன் உடம்பைக் காத்துக்கொள்ளச் செய்வது குற்றமாகாது. இ.பி.கோ.வுக்குப் பதிலாக வந்திருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் 34-ம் பிரிவில் தொடங்கி இதைச் சொல்லியிருக்கிறார்கள். ஆபத்துக்குத் தேவையான அளவைத் தாண்டிக் காயப்படுத்தக் கூடாது என்பதுதான் வரம்பு. கை வைக்கிறவனை அந்த நேரத்தில் ஊக்கால் குத்துவது, முழங்கையால் இடிப்பது, குதிகாலால் பாதத்தை மிதிப்பது எல்லாம் தற்காப்பு. மறுநாள் அண்ணன் நாலு பேரோடு போய் அடிப்பது தற்காப்பு ஆகாது. அது அடிதடி கேஸ். அதில் உள்ளே போவது உங்கள் மகன், வெளியே அனுதாபம் வாங்குவது அவன். மகனை இன்றே கட்டிப்போடுங்கள். அவனால் ஆகக்கூடிய உதவி, சில நாள் தங்கையோடு அதே பஸ்ஸில் போய், கை வைக்காமல், சாட்சியாக நிற்பது.

புகாரை எப்படிக் கொடுப்பது? மெசேஜ்களை அழிக்க வேண்டாம். நம்பரும் தேதியும் தெரிகிற மாதிரி போட்டோ எடுத்து இன்னொரு போனுக்கு அனுப்பிவையுங்கள். ‘எனக்கு விருப்பமில்லை, தொடர்பு கொள்ளாதே’ என்று ஒரே ஒரு பதில் போட்டுவிட்டு நிறுத்தட்டும். விருப்பமில்லை என்று தெரிந்தும் திரும்பத் திரும்பப் பின்தொடர்வது அதே சன்ஹிதாவின் 78-ம் பிரிவில் குற்றம், போனில் தொல்லை கொடுப்பதும் அதில் வரும். தொட்டதற்கு 74, பாலியல் தொல்லைக்கு 75. பிரிவு எண் உங்களுக்கு மனப்பாடம் ஆக வேண்டியதில்லை. என்ன நாள், எந்த பஸ், எங்கே ஏறினான், என்ன செய்தான், யார் பார்த்தார்கள் என்று மகள் தன் கையால் எழுதினால் போதும்.

மகளிர் காவல் நிலையத்தில் கொடுப்பது நல்லது. இந்த மாதிரிக் குற்றங்களில் பெண்ணின் வாக்குமூலத்தைப் பெண் அதிகாரிதான் பதிவு செய்ய வேண்டும். சம்பவம் நடந்தது ஓடுகிற பஸ்ஸில் என்பதால் ‘இது பாம்பன் எல்லை, அது மண்டபம் எல்லை’ என்று அலையவிடப் பார்ப்பார்கள். 2024 ஜூலை முதல் நடப்பில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-ம் பிரிவுப்படி, எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் புகாரை வாங்கித்தான் ஆக வேண்டும். எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம், கேட்டு வாங்குங்கள். பதிவு செய்ய மறுத்தால், அதே புகாரை எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்பலாம். பேசவே பயமாக இருந்தால் 181-க்குப் போன் போடுங்கள், அது பெண்களுக்கான உதவி எண். அவசரத்துக்கு 112. வக்கீல் செலவுக்குப் பயப்பட வேண்டாம். பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு இருந்தாலும், மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவச உதவி உண்டு. (இதைப் படிக்கிற மற்ற தாய்மாருக்கு: பெண்ணுக்கு 18 நிறையவில்லை என்றால் அது போக்சோ (குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம்) வழக்கு, குழந்தைகளுக்கான உதவி எண் 1098-லும் சொல்லலாம்.)

ஊர்ப் பெரியவர்கள் பேசி முடிப்பது பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. படகுத் தகராறு, வலைத் தகராறு எல்லாம் அங்கே தீரலாம். இதில் பெரும்பாலும் என்ன நடக்கும் என்றால், உங்கள் மகள் இல்லாத இடத்தில் பத்து ஆண்கள் உட்கார்ந்து, அவன் ஒரு மன்னிப்பு கேட்டு, ‘பொம்பளப் புள்ள பேரு கெட்டுறக் கூடாது’ என்று முடிப்பார்கள். வேலு நாச்சியார் பிறந்த சீமை என்று மேடையில் முழங்குகிற அதே வாய்தான் அதையும் சொல்லும். போய்த்தான் ஆக வேண்டும் என்றால் மகளின் சம்மதத்தோடு போங்கள். புகார் பதிவான பிறகு போங்கள்.

சரி, உங்களை உண்மையில் கட்டிப்போட்டிருப்பது அந்த முன்பணம். கடிதத்தில் ஒரு வரியில்தான் எழுதியிருக்கிறீர்கள், ஆனால் மற்ற எல்லாமே அதில்தான் போய் முட்டுகிறது. இதை ஒத்திப்போடாதீர்கள். எவ்வளவு வாங்கினீர்கள், எத்தனை கிலோ பாசி போட்டீர்கள், எவ்வளவு பிடித்தம் ஆனது என்று நோட்டில் எழுதுங்கள், மகளையே எழுதச் சொல்லுங்கள். கடன் இருக்கிறது என்பதால் புகார் கொடுக்கும் உரிமை போகாது. புகாரை வாபஸ் வாங்கு, இல்லாவிட்டால் பார் என்று யாராவது மிரட்டினால், அது தனிக் குற்றம்.

‘உன் பாசியை வாங்க மாட்டேன்’ என்று வியாபாரி சொன்னால்? ஒருத்தியிடம் சொல்வது சுலபம். உங்களோடு வத்தையில் (சிறு படகில்) வருகிற அத்தனை பேரும் ஒன்றாக நின்றால் அவருக்கும் சரக்கு வேண்டும். அதனால் ஸ்டேஷனுக்குப் போகும் முன்பே, நம்பிக்கையான இரண்டு மூன்று பேரிடம் விஷயத்தைச் சொல்லுங்கள், மகளிடம் கேட்டுவிட்டு. அவர்கள் வீட்டுப் பிள்ளைகளும் அந்த பஸ்ஸில்தான் போகின்றன. இன்னொருத்திக்கும் இது நடந்திருந்தால் ஆச்சரியப்பட மாட்டேன். இரண்டு பெண்கள் சேர்ந்து கொடுக்கும் புகாருக்குக் கனம் கூடும். பாசிப் பெண்கள் ஒன்றுகூடினால் காரியம் ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சங்கமாய்ச் சேர்ந்து தொழிலுக்காகப் பேசியவர்கள் உங்கள் ஊர்ப் பக்கத்துப் பெண்கள்தான். தீவுகளின் சுற்றுச்சூழலைக் காப்பவர்களுக்குத் தரும் சீகாலஜி விருதை 2015-ல் வாங்கிய சின்னப்பாலம் லட்சுமியும் பாசி எடுப்பவர்தான்.

வியாபாரியிடம் நீங்களே நேரில் பேசலாம் என்றும் தோன்றுகிறது. கெஞ்சப் போகாதீர்கள். ‘கணக்கு வேற, இது வேற. உங்க மருமகன் மேல புகார் கொடுக்கப் போறோம்’ என்று தகவலாகச் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். துணைக்கு இன்னொரு பெண்ணோடு போங்கள். அவர் நல்லவராகவும் இருக்கலாம், யார் கண்டது.

கடைசியாகக் கராத்தே. அவளுக்கு ஆசை இருந்தால் சேரட்டும், சிலம்பம் என்றாலும் நல்லது. இரண்டு வாரத்தில் யாரையும் வீழ்த்த முடியாது. மாதக்கணக்கில் பழகினால் உடம்புக்குக் கூச்சம் போகும், குரல் வரும், பிடித்த கையை விடுவிக்கத் தெரியும். பிடித்தவனின் கட்டைவிரல் பக்கமாகத் திருகி இழுத்தால் பிடி தளரும் என்பது மாதிரியான சின்ன வித்தைகள்தான் பஸ்ஸில் உதவும். அடித்து ஜெயிப்பது நோக்கம் இல்லை. விடுபட்டு, ஆள் இருக்கும் இடத்துக்கு வந்துவிடுவதுதான் நோக்கம். ஆனால் அவள் கற்றுக்கொள்ளும் வரை புகார் காத்திருக்கக் கூடாது, புகாரை இந்த வாரமே கொடுங்கள். வகுப்புக்குப் பணம் கட்டும் முன், கல்லூரியிலேயே இலவசமாகச் சொல்லித் தருகிறார்களா என்று அவளை விசாரிக்கச் சொல்லுங்கள்.