மேற்கத்திய ஆட்டக்காரர்களுக்காக ஜப்பானிய ஆர்பிஜி (கதையில் ஒரு பாத்திரமாக மாறி விளையாடும்) கேம்கள் தங்களை மாற்றிக்கொள்ள வேண்டுமா?

வேண்டவே வேண்டாம். ஜப்பானின் அட்லஸ் நிறுவனம் உருவாக்கிய ‘பெர்சோனா 5’ ஒன்றே போதும் சான்றுக்கு. ஷிபுயா ரயில் நிலைய நெரிசல், பள்ளித் தேர்வு, சந்துக்குள் ஒரு காபிக்கடை என அது முழுக்க முழுக்க டோக்கியோ. சண்டைகூட பழைய பாணியில், நாம் ஒரு முறை எதிரி ஒரு முறை என மாறி மாறித்தான் நடக்கும். ஆனால் தாக்குதல், தற்காப்பு, பொருள்கள் என ஒவ்வொரு கட்டளைக்கும் கண்ட்ரோலரில் தனி பட்டன். மெனுவில் தேடி அலைய வேண்டியதில்லை. எதிரியின் பலவீனத்தைக் குறிவைத்து அடித்தால் உடனே இன்னொரு வாய்ப்பு. அந்த வேகம் யாரையும் இழுத்துக்கொள்ளும்.

மேற்கத்திய ரசிகர்களைச் சோதித்தது காத்திருப்புதான். ஜப்பானில் 2016 செப்டம்பரில் வெளியான கேம், ஆங்கிலத்தில் 2017 ஏப்ரலில்தான் கிடைத்தது. அதே அட்லஸ் நிறுவனம் 2024இல் ‘மெட்டஃபர்: ரீஃபேன்டசியோ’ என்ற ஆர்பிஜியை உலகெங்கும் ஒரே நாளில் வெளியிட்டது. மற்ற நிறுவனங்களும் கேம் உருவாகும்போதே மொழிபெயர்ப்பைத் தொடங்கிவிட வேண்டும்.