பாஸ்புக் வரிசையில் நிற்கும் அப்பா

கேள்வி: என் அப்பா ஓய்வுபெற்ற ஆசிரியர். போனில் நெட் பேங்கிங் போட்டுக் கொடுத்தும், மாதம் பிறந்தால் பாஸ்புக்கோடு வங்கிக்குக் கிளம்பிவிடுகிறார். படித்தவர்களே இப்படிப் பயப்படுவது அறியாமைதானே?
- ஒரு வாசகர், திருச்சி

பதில்: அப்பா வயதுக்காரர்களை டீக்கடையில் கவனித்துப் பாருங்கள். க்யூஆர் அட்டையை ஸ்கேன் செய்து பணம் போட்டுவிட்டு, கல்லா மேல் இருக்கும் பெட்டி 'வந்துவிட்டது' என்று குரல் கொடுக்கும்வரை நின்று கேட்டுவிட்டுத்தான் நகர்கிறார்கள். பணம் சேர்ந்தது காதில் விழுகிறது. சேராமல் போனாலும் ஒரு டீ காசு. பென்ஷன் கணக்கு அப்படியா?

வசதிக்குக் குறைவில்லை. ஒரு வங்கிக் கணக்கிலிருந்து இன்னொன்றுக்குப் பணம் அனுப்பும் நெஃப்ட், 2019 டிசம்பரிலிருந்து 24 மணி நேரமும் ஓடுகிறது. ராத்திரி இரண்டு மணிக்குக்கூட அனுப்பலாம், சரி. தப்பான கணக்குக்குப் போய்விட்டால் அந்நேரம் யாரைப் போய்க் கேட்பது? கவுன்டரில் ஒரு முகம் இருக்கிறது, செலானில் சீல் விழுகிறது. அப்பா வரிசையில் நிற்பது அதற்காக.

2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி ஓர் உத்தரவு போட்டது. வங்கி மீதும் தப்பில்லை, உங்கள் மீதும் தப்பில்லை, வெளியாள் யாரோ பணத்தை எடுத்துவிட்டார் என்றால், வங்கியிலிருந்து தகவல் வந்த 3 வேலை நாட்களுக்குள் புகார் சொன்னால் நஷ்டம் உங்களுடையது அல்ல. ஓடிபியை நீங்களே சொல்லிவிட்டால் மட்டும், புகார் கொடுக்கும்வரை போனதெல்லாம் உங்கள் தலையில். 'ஓடிபி சொல்லாதீர்கள்' என்று வாரம் தவறாமல் எஸ்எம்எஸ் வருகிறது. அந்த 3 நாள் சமாசாரத்தைச் சொல்லி உங்களுக்கு எத்தனை எஸ்எம்எஸ் வந்தது? பயமுறுத்தும் பாதி மட்டும் ஊரெல்லாம் தெரியும். கூடவே, பக்கத்துத் தெருக்காரர் பணம் போன கதை. உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்குப் போன் செய்ய வேண்டும் என்பது அந்தக் கதையில் வராது.

அப்புறம், 'போட்டுக் கொடுத்தும்' என்கிறீர்களே, பாஸ்வேர்டை அடித்தது யார்? அவர் தட்டுத் தடுமாறும்போது, 'கொடுங்க, நானே செய்றேன்' என்று போனைப் பிடுங்கினீர்களா? பென்ஷன் கணக்கைத் தொடாமல், வேறொரு சின்னக் கணக்கில் இரண்டாயிரம் ரூபாய் போட்டுக் கொடுங்கள். கரன்ட் பில்லை அவரே கட்டட்டும். நீங்கள் பக்கத்தில் உட்காருங்கள், கையைக் கட்டிக்கொண்டு.